எள்ளுப்பாட்டன் கேட்ட கேள்வி: நத்தானியல் ஹாதோர்னும் அவர் கதைகளின் பாவமும்

1692 மார்ச் 24. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் சேலம் கிராமத்துத் தொழுகைக்கூடம். (நம்ம மாம்பழச் சேலம் இல்லை. ‘சமாதானம்’ என்று பொருள்படும் எபிரேயச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது.) நடுவில் எழுபத்தொரு வயது ரெபெக்கா நர்ஸ் நிற்கிறாள். காது சரியாகக் கேட்காது, உடம்பும் முடியாமல் இருந்தவள். எதிரே சில சிறுமிகள் கையையும் காலையும் முறுக்கிக்கொண்டு அலறுகிறார்கள். கிழவியின் ஆவியுருவம் வந்து தங்களை வதைக்கிறது என்கிறார்கள். விசாரிக்கும் நீதிபதி அவளைப் பார்த்துக் கேட்கிறார்: இத்தனை பேர் கண்கலங்கி நிற்கிறார்கள், உன் கண் மட்டும் காய்ந்து கிடக்கிறதே? கிழவி சொன்ன பதிலை எழுத்தர் குறித்து வைத்திருக்கிறார். “என் மனசு உங்களுக்குத் தெரியாது.”

ஜூலை 19 அன்று அவளைத் தூக்கில் போட்டார்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்ட நீதிபதியின் பெயர் ஜான் ஹாதோர்ன். நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1804 ஜூலை 4 அன்று, பக்கத்துச் சேலம் துறைமுக ஊரில் பிறந்த நத்தானியல் ஹாதோர்னுக்கு அவர் எள்ளுப்பாட்டன். ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ நாவலை எழுதிய அதே ஹாதோர்ன்தான்.

முன்னோர் செய்த பாவம் உறுத்தியதால் பாவத்தைப் பற்றியே எழுதினார் என்று பாடப்புத்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடும். பொய்யில்லை, ஆனால் அரைகுறை. பரம்பரையிலிருந்து அவருக்கு வந்துசேர்ந்த சொத்து ‘மனிதன் பாவி’ என்கிற கோட்பாடு மட்டுமில்லை. அடுத்தவன் நெஞ்சுக்குள் கையை விட்டுத் துழாவுகிற ஓர் ஆளும் கூடவே வந்தான். அவர் கதைகளில் பாவம் செய்தவர்கள் பலபேர் உண்டு. மன்னிக்கவே முடியாத பாவி என்று அவர் கை காட்டுவது பெரும்பாலும் அந்த ஆளைத்தான்.

முதலில் பரம்பரை. எள்ளுப்பாட்டனுக்கும் தகப்பன் வில்லியம் ஹாதோர்ன். இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்து 1636 வாக்கில் சேலத்தில் நிலைகொண்டவர். படைத் தளபதி, நீதிபதி, சட்டமன்றத் தலைவர் என்று எல்லாப் பொறுப்பும் அவர் கையில். குவேக்கர் என்ற மாற்றுக் கிறித்தவச் சபையாரை விரட்டி விரட்டி அடித்ததில் பேர்பெற்றவர். ஆன் கோல்மன் என்ற குவேக்கர் பெண்ணுக்கு அவர் கொடுத்த தண்டனையைக் கொள்ளுப்பேரனின் பேரன் 1849-இல் ‘மெயின் ஸ்ட்ரீட்’ என்ற சித்திரத்தில் எழுதிக் காட்டுகிறார். இடுப்புக்கு மேல் துணியில்லாமல் வண்டியின் பின்னால் கட்டி இழுத்துப் போகிறார்கள். முடிச்சுப் போட்ட சாட்டையோடு காவலன் பின்னால் நடக்கிறான். சேலத்தில் பத்து அடி, பாஸ்டனில் பத்து, டெடமில் பத்து. அந்தக் காவலனின் முகத்தை ஹாதோர்ன் உற்றுப் பார்க்கிறார்: சாட்டையை ஓங்கும்போது நெற்றியில் சுளிப்பு, அதே நொடியில் உதட்டில் சிரிப்பு. மேஜர் ஹாதோர்னின் உத்தரவை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுகிறான், பாவம், கடமை தவறாதவன்.

இங்கே ஒரு சின்ன விஷயம். எழுத்தாளர் இளமையில் தன் குடும்பப் பெயரின் நடுவே ‘டபிள்யூ’ எழுத்தைச் செருகிக்கொண்டார். (தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் நிற்கும்.) நீதிபதியின் ரத்தக்கறையிலிருந்து விலகி நிற்கத்தான் இந்த எழுத்து என்று ஒரு கதை உலவுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ‘மெயின் ஸ்ட்ரீட்’டில் சாட்டையடிக்கு உத்தரவிடும் மேஜரின் பெயரையும் அதே ‘டபிள்யூ’வோடுதான் அச்சிட்டிருக்கிறார். உறவை அறுத்துக்கொள்ள நினைத்தவன் தன் புதிய எழுத்தைத் தாத்தாவுக்கும் மாட்டிவிடுவானா?

வில்லியம் ஹாதோர்ன் சம்பந்தப்பட்ட இன்னொரு பதிவும் நீதிமன்ற ஏடுகளில் இருக்கிறது. 1668-இல் ஒரு பெண், திருமண உறவில்லாமல் கர்ப்பமானதை ஒப்புக்கொண்டாள். தண்டனை கடுமையான கசையடி. குழந்தை பிறந்து ஒரு மாதமோ ஆறு வாரமோ கழியட்டும் என்று தள்ளிவைத்தார்கள். அதன்பின் நிறைவேற்றும் பொறுப்பை ‘மாண்புமிகு மேஜர் வில்லியம் ஹாதோர்ன்’ ஏற்றார். அந்தப் பெண்ணின் பெயர் ஹெஸ்டர் கிராஃபோர்ட். ‘ஸ்கார்லெட் லெட்டர்’ நாயகியின் பெயரும் ஹெஸ்டர்தான். அவளும் கைக்குழந்தையோடு சிறை வாசலில் வந்து நிற்கிறாள்.

இந்தச் சமூகம் எப்படி இயங்கியது என்று தெரியாமல் இதையெல்லாம் வெறும் கொடூரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பியூரிட்டன்கள் இங்கிலாந்துத் திருச்சபையைக் கசடு நீக்கித் தூய்மையாக்க நினைத்தவர்கள். அது அங்கே முடியாமல்போக, 1630 முதல் கூட்டங்கூட்டமாக மாசசூசெட்ஸ் வந்தார்கள். அவர்கள் நம்பிக்கையின்படி மனிதன் பிறவியிலேயே கெட்டவன். யாருக்கு மோட்சம், யாருக்கு நரகம் என்பதைக் கடவுள் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார். நல்ல காரியம் செய்து அந்தத் தீர்ப்பை மாற்ற முடியாது. ஆனால் நான் எந்தப் பட்டியலில் இருக்கிறேன் என்று தெரிந்துகொள்ளாமல் எப்படித் தூங்குவது? அதனால் தினமும் தன் மனசைத் தானே தோண்டிப் பார்க்க வேண்டும், நாட்குறிப்பில் எழுத வேண்டும். சபையில் முழு உறுப்பினராக வேண்டுமானால் ஊரார் முன்னால் எழுந்து, கடவுளின் அருள் தன் உள்ளத்தில் எப்படி வேலை செய்தது என்று சொல்ல வேண்டும். அவர்கள் கேட்டுவிட்டு நம்புவார்கள், அல்லது நம்பமாட்டார்கள்.

தன் நெஞ்சைத் தோண்டும் பழக்கமும் அடுத்தவன் நெஞ்சை எடைபோடும் அதிகாரமும் ஒரே கூரையின்கீழ் வளர்ந்தன. கையில் சட்டமும் இருந்துவிட்டால் கேட்க வேண்டுமா? விபசாரத்துக்கு மரண தண்டனை என்று 1641-இல் எழுதினார்கள். 1644-இல் பாஸ்டனில் ஓர் ஆணையும் பெண்ணையும் அதற்காகத் தூக்கிலும் போட்டார்கள். 1659 முதல் 1661 வரை நான்கு குவேக்கர்களைத் தூக்கிலிட்டார்கள்.

1692 இதன் உச்சம். 19 பேர் தூக்கில் தொங்கினார்கள். வாக்குமூலம் தர மறுத்த கைல்ஸ் கோரியைக் கல்லை அடுக்கி நசுக்கிக் கொன்றார்கள். சிறையில் செத்தவர்கள் தனி. ஜான் ஹாதோர்ன் ஆரம்பகட்ட விசாரணைகளை நடத்தியவர். பிறகு சிறப்பு நீதிமன்றத்திலும் உட்கார்ந்தார். அவர் கேள்விகளைப் படித்தால் இன்றைக்கும் குலை நடுங்கும். பிரிட்ஜெட் பிஷப், சூனியக்காரி என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது என்கிறாள். உடனே ஹாதோர்ன் மடக்குகிறார்: அப்படியானால் நீ சூனியக்காரி இல்லை என்பது மட்டும் உனக்கு எப்படித் தெரியும்? குற்றத்தை முதலில் முடிவுகட்டிவிட்டு அதற்கேற்ற பதிலுக்குத் தூண்டில் போடும் கேள்வி இது. இதில் குரூரமான வேடிக்கை ஒன்று உண்டு. ‘ஆமாம், நான் சூனியக்காரிதான்’ என்று பொய்யாக ஒப்புக்கொண்டவர்கள் உயிர் தப்பினார்கள். தூக்கில் தொங்கிய 19 பேரும் கடைசியில் குற்றத்தை மறுத்து நின்றவர்கள்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1697 ஜனவரி 14 அன்று, அதே நீதிமன்றத்தில் இருந்த சாமுவேல் சிவால், பாஸ்டன் தேவாலயத்தில் சபை நடுவே எழுந்து நின்றார். அவர் எழுதிக் கொடுத்த மன்னிப்பைப் போதகர் வாசித்தார். பழியையும் வெட்கத்தையும் நான் ஏற்கிறேன் என்பது அதன் சாரம். ஜான் ஹாதோர்ன் அப்படி எழுந்து நிற்கவில்லை. 1717-இல் இறந்து சேலத்தின் சார்ட்டர் தெரு இடுகாட்டில் புதைக்கப்பட்டார்.

எழுந்து நிற்கும் வேலை பேரனுக்கு மிஞ்சியது.

அதற்குள் குடும்பம் நொடித்துப்போயிருந்தது. நீதிபதியின் வழிவந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கப்பலோட்டிகள் ஆனார்கள். நத்தானியலின் அப்பாவும் மாலுமிதான். 1795 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து கிளம்பிய கப்பல் ஒன்றில் அதிகாரியாக இருந்து பயணக் குறிப்பு எழுதினார். அமெரிக்காவுக்குள் வந்த முதல் யானையை ஏற்றிவந்த கப்பல் அது. 1808-இல் சுரினாமில் மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். மகனுக்கு அப்போது நாலு வயது முடியவில்லை. விதவைத் தாய் பிறந்த வீட்டோடு போய்ச் சேர்ந்தாள். குடும்பம் இப்படிச் சரிந்ததற்கு 1692-இல் வாங்கிய சாபம்தான் காரணம் என்ற பேச்சு வீட்டில் இருந்தது.

கல்லூரி முடித்து 1825-இல் ஊர் திரும்பியவர் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் அந்த வீட்டு மாடியறையில் உட்கார்ந்து எழுதினார். பெரியம்மாவின் உறுப்பினர் கணக்கில் ஊர் நூலகத்திலிருந்து நியூ இங்கிலாந்தின் பழைய வரலாறுகளை அள்ளி அள்ளிப் படித்தார். பாட்டிகளின் வாய்வழிக் கதையாக இருந்த சாபம் அங்கே தேதியும் பெயரும் கொண்ட ஆவணமாக மாறியது.

அந்த அறையில் பிறந்ததுதான் 1835-இல் வெளியான ‘யங் குட்மேன் பிரவுன்’. அவர் கதைகளில் ஒன்றை மட்டும்தான் படிக்க முடியும் என்றால் இதைச் சொல்வேன். சேலத்து இளைஞன் பிரவுன், புது மனைவி ஃபெய்த்தை விட்டுவிட்டு இரவில் காட்டுக்குள் போகிறான். ஃபெய்த் என்றால் விசுவாசம். தொப்பியில் இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டியவள். காட்டில் சாத்தான் துணைக்கு வருகிறான். எங்கள் குடும்பத்தில் யாரும் இப்படி வந்ததில்லை என்று பிரவுன் தயங்கியதும் சாத்தான் சிரித்துக்கொண்டே சொல்கிறான்: உன் தாத்தா காவலராக இருந்தபோது குவேக்கர் பெண் ஒருத்தியைச் சேலம் தெருவில் சாட்டையால் விளாசினாரே, அவருக்குத் துணை நின்றவன் நான்தான். செவ்விந்தியர் கிராமத்தைக் கொளுத்த உன் அப்பாவுக்குக் கொள்ளி எடுத்துக் கொடுத்தவனும் நான்தான்.

சொந்தக் குடும்பக் கணக்கைச் சாத்தான் வாயில் வைத்துப் படிக்கவிட்ட துணிச்சல் இது. ஆனால் கதையின் பொறி இதற்கடுத்து வருகிறது. காட்டுவழியில் பிரவுன் பார்க்கும் கிழவி ‘குடி’ கிளாய்ஸ் (‘குட்வைஃப்’, அதாவது இல்லத்தரசி என்ற அந்தக்கால அடைமொழியின் சுருக்கம்), அவனுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவள், சாத்தானைப் பழைய சிநேகிதன்போல் விசாரிக்கிறாள். பெயர் கற்பனை இல்லை. 1692-இல் குற்றம் சாட்டப்பட்டு உயிர் தப்பிய சாரா கிளாய்ஸ், ரெபெக்கா நர்ஸின் உடன்பிறந்த தங்கை. தாத்தாவின் நீதிமன்றம் தவறவிட்ட ஒருத்தியைப் பேரன் கதையில் சூனியக்காரி ஆக்கிவிட்டானே என்று முதல் வாசிப்பில் எனக்குக் கோபம் வந்தது. மறுபடி படித்தபோதுதான் உறைத்தது. பிரவுன் பார்த்தது கிளாய்ஸையா, கிளாய்ஸின் உருவத்தையா? சேலம் நீதிமன்றம் 19 பேரைக் கொன்றது, ஆவியுருவம் வந்து வதைத்தது என்ற அந்த ‘உருவச் சாட்சியத்தை’ நம்பித்தானே? பிரவுன் கண்ணால் பார்க்கும் நாமும் அதே சாட்சியத்தை ஏற்று, ஒரு பக்கத்துக்குள் கிழவியைக் குற்றவாளி என்று முடிவுகட்டிவிடுகிறோம். வாசகனைத் தன் எள்ளுப்பாட்டனின் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு எழுத்தாளர் ஓசைப்படாமல் நகர்ந்துவிடுகிறார்.

விடிந்து ஊர் திரும்பிய பிரவுன் அதன்பின் யாரையும் நம்புவதில்லை, மனைவியையும். அது கனவாகவும் இருக்கலாம் என்கிறது கதை. சந்தேகத்திலேயே கிழவனாகி, கல்லறையில் நம்பிக்கையான ஒரு வரிகூடப் பொறிக்க முடியாமல் சாகிறான்.

‘ஸ்கார்லெட் லெட்டர்’ 1850 மார்ச்சில் வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டு ஹாதோர்னுக்கு மோசமான ஆண்டு. ஆட்சி மாறியதில் சேலம் சுங்கச்சாவடி வேலை பறிபோனது. ஜூலை கடைசியில் தாயும் இறந்தார். அந்தச் சூட்டோடு எழுதிய நாவலுக்கு முன்னுரையாகச் ‘சுங்கச்சாவடி’ என்ற நீண்ட பகுதியைச் சேர்த்தார். எழுந்து நிற்கும் காட்சி அதில்தான் வருகிறது. இரண்டு முன்னோரையும் பெயர் சொல்லாமல் வருணித்துவிட்டு, அவர்களுடைய பிரதிநிதியாக நான் இந்த வெட்கத்தை என்மேல் ஏற்றுக்கொள்கிறேன், அவர்கள் வாங்கிய சாபம் ஏதும் இருந்தால் இனியாவது நீங்கட்டும் என்று எழுதுகிறார். சிவால் தேவாலயத்தில் நின்று 153 ஆண்டுகள் ஆகியிருந்தன. உடனே தொனி மாறுகிறது. இந்த உதவாக்கரை என்ன செய்கிறான் என்று முன்னோர்கள் முணுமுணுப்பது அவருக்குக் கேட்கிறது. கதைப் புத்தகம் எழுதுகிறானாம்! அதற்குப் பிடில் வாசிக்கப் போயிருக்கலாமே! அவர்கள் என்னதான் இகழ்ந்தாலும் அவர்கள் குணம் என் குணத்தோடு பின்னிக் கிடக்கிறது என்று ஒப்புக்கொள்கிறார். மன்னிப்புக் கேட்கிறவன் பேச்சில் இந்தக் கடைசி வரி அபூர்வம். ‘அவர்கள் தப்பு செய்தார்கள்’ என்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் வழக்கம்.

அதே முன்னுரையில் சுங்கச்சாவடி மாடியில் பழைய தாள்களுக்கிடையே ‘ஏ’ (விபசாரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து) வடிவில் ஒரு சிவப்புத் துணி கிடைத்ததாகக் கதை கட்டுகிறார். அளந்து பார்க்கிறார், ஒவ்வொரு காலும் மூன்றே கால் அங்குலம். விளையாட்டாகத் தன் நெஞ்சில் வைக்கிறார். பழுக்கக் காய்ச்சிய இரும்பு பட்டதுபோல் சுட, கீழே போட்டுவிடுகிறார். தண்டித்தவர்களின் வாரிசு, தண்டனைச் சின்னத்தைத் தன்மேல் அணிந்து பார்க்கும் இடம் இது.

நாவல் பலருக்கும் தெரிந்ததுதான். கணவன் நெடுநாள் வந்துசேராத ஹெஸ்டர் பிரின் வேறொருவரின் குழந்தையைப் பெறுகிறாள். தகப்பன் யாரென்று சொல்ல மறுத்து, நெஞ்சில் ‘ஏ’ எழுத்தோடு வாழ்கிறாள். தகப்பன் அந்த ஊரே கும்பிடும் இளம் போதகர் டிம்ஸ்டேல். கணவனோ வேறு பெயரில், சில்லிங்வொர்த் என்ற வைத்தியராக வந்து போதகரோடு ஒட்டிக்கொள்கிறான்.

டிம்ஸ்டேல் உண்மையை மறைப்பவர் மட்டுமல்லர். பிரசங்க மேடையில், ‘நான் கேடுகெட்டவன், பாவிகளில் பெரும் பாவி’ என்று அறிக்கையிட்டுக்கொண்டே இருக்கிறார். கேட்டவர்கள் என்ன நினைக்கிறார்கள்? இவ்வளவு பரிசுத்தரே தன்னைப் பாவி என்கிறாரே, எவ்வளவு தாழ்மை! இன்னும் கும்பிடுகிறார்கள். அவருக்கும் இது தெரியும். பொதுவாகச் சொன்ன உண்மை அங்கே பொய்யைவிட நன்றாக ஒளிக்கிறது. பியூரிட்டன் அறிக்கையிடும் முறையை உள்ளிருந்து அறிந்தவனால்தான் இதை எழுத முடியும். வெளியே நின்று கேலி செய்பவன் கண்ணுக்கு இந்த நுட்பம் தட்டுப்படாது.

ஆனால் நாவல் யாரை மன்னிக்க மறுக்கிறது? பொன் தேடும் சுரங்கக்காரன்போல, இல்லை, பிணக்குழி தோண்டுபவன்போல, போதகரின் நெஞ்சைத் தோண்டும் சில்லிங்வொர்த்தை. காட்டில் ஹெஸ்டரைச் சந்திக்கும்போது டிம்ஸ்டேல் சொல்கிறார்: அந்தக் கிழவனின் பழிவாங்கல் என் பாவத்தைவிடக் கறுப்பு. ஒரு மனித இதயத்தின் புனிதத்தை அவன் நிதானமாக, ரத்தம் சூடேறாமல் மீறியிருக்கிறான்.

1844 வாக்கில் தன் குறிப்பேட்டிலேயே ஹாதோர்ன் இதை எழுதிவைத்திருந்தார். மன்னிக்க முடியாத பாவம் என்பது மனித ஆன்மாவின்மேல் அன்பும் மரியாதையும் இல்லாமல், திருத்தும் நோக்கமும் இல்லாமல், குளிர்ந்த ஆர்வத்தோடு அதன் ஆழங்களைக் கிளறுவதாக இருக்கலாம் என்று. ‘என் மனசு உங்களுக்குத் தெரியாது’ என்ற ரெபெக்கா நர்ஸின் பக்கத்தில் அவர் வந்து நிற்பது இந்த வரியில்தான். அதே நேரத்தில் மனித மனசைக் கிளறிப் பார்ப்பது நாவலாசிரியனின் பிழைப்பும்கூட. எள்ளுப்பாட்டனின் தொழிலைத்தான் நானும் வேறு அறையில் உட்கார்ந்து செய்கிறேனோ என்கிற பயம் அவர் கதைகளில் அடிக்கடி தலைகாட்டுகிறது. வைத்தியர்கள், விஞ்ஞானிகள், ஓவியர்கள் என்று அவர் கதைகளின் ‘பார்க்கிறவர்கள்’ பெரும்பாலும் ஆபத்தானவர்கள்.

ஹெர்மன் மெல்வில் 1850-இல் எழுதிய கட்டுரையில் ஹாதோர்னின் ‘கருமையின் வல்லமை’யை வியந்து, அது பிறவிப் பாவம் பற்றிய கால்வினிய (பியூரிட்டன்கள் பின்பற்றிய இறையியல்) உணர்விலிருந்து வருவதாகச் சொன்னார். மறு ஆண்டு ‘மோபி டிக்’கை அவருக்கே காணிக்கையாக்கினார். 1879-இல் நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் வேறு மாதிரி சொன்னார்: அந்தப் பியூரிட்டன் மனச்சாட்சி ஹாதோர்னுக்குப் பாரமாக இல்லை, ஓவியன் வண்ணத்தைக் குழைப்பதுபோல அதை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார். ஜேம்ஸ் சொன்னதில் பாதி சரி. ஹாதோர்ன் தேவாலயப் பக்கம் அதிகம் போகாதவர், முன்னோர்களின் நரகத்தை நம்பியவரும் இல்லை. ஆனால் தன் நெஞ்சில் வைத்துச் சுட்டுக்கொண்டது வெறும் வண்ணம் என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

1851-இல் வந்த ‘தி ஹவுஸ் ஆஃப் தி செவன் கேபிள்ஸ்’ பரம்பரைச் சாபத்தையே கருவாகக் கொண்ட நாவல். சூனியக் குற்றம் சாட்டி ஒருவனைத் தூக்குக்கு அனுப்பி அவன் நிலத்தைப் பிடுங்குகிறார் கர்னல் பிஞ்சியன். ‘கடவுள் உனக்குக் குடிக்க ரத்தம் கொடுப்பார்’ என்று அவன் சபிக்கிறான். 1692-இல் சாரா குட் தூக்குமேட்டில் நின்று போதகர் நிக்கலஸ் நாய்ஸைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. நாவலில் இரு குடும்பத்து வாரிசுகளும் கல்யாணம் செய்துகொள்ளச் சாபம் தீர்கிறது. எனக்கு இந்த முடிவு ஒட்டவில்லை. சொத்தும் கிடைத்து, சுபமும் சொல்லி, எல்லோரும் வண்டியேறிப் போய்விடுகிறார்கள். வலிக்காமல் கழிந்த கடன்.

வலிக்கும் கடன் எதிரே வந்து நின்றபோது அவர் என்ன செய்தார் என்பதும் பதிவாகியிருக்கிறது. 1852-இல் கல்லூரி நண்பர் ஃபிராங்க்ளின் பியர்ஸ் அதிபர் தேர்தலில் நின்றபோது அவருக்காக வாழ்க்கை வரலாறு எழுதிக்கொடுத்தார். அடிமைமுறை, மனித முயற்சியால் தீர்வதற்குக் கடவுள் விட்டுவைக்காத தீமைகளில் ஒன்று என்ற வாதம் அதில் இருக்கிறது. பியர்ஸ் வென்றார், ஹாதோர்னுக்கு லிவர்பூலில் துணைத்தூதர் பதவி கிடைத்தது.

உள்நாட்டுப் போர் நடக்கும்போது வர்ஜீனியா பக்கம் போய்வந்து 1862-இல் ‘அட்லாண்டிக்’ இதழில் எழுதினார். தப்பிவந்த அடிமைகளின் கூட்டம் ஒன்று வடக்கு நோக்கி நடந்துபோவதை வழியில் பார்க்கிறார். மேஃபிளவர் கப்பலின் வயிறுதான் பியூரிட்டன்களையும் பெற்றது, பிறகு ஒரு பயணத்தில் அடிமைகளையும் பெற்றது என்று அங்கே எழுதுகிறார். கப்பல் விஷயத்தில் வரலாறு பிசகு; ஆனாலும் முன்னோர் கணக்கை அவர் இன்னும் மூடவில்லை என்பது தெரிகிறது. அந்த மனிதர்கள்மேல் தனக்குப் பரிவுதான் என்கிறார். அவர்களுக்காக எதை விரும்புவது என்று மட்டும் சரியாகத் தெரியவில்லை, எப்படி உதவுவது என்றும் தெரியவில்லை. திருப்பி அனுப்ப மனம் வராது, போங்கள் என்று முடுக்கிவிடவும் அதே தயக்கம். அவர்கள் நடந்து கடந்துபோகிறார்கள்.